அறுநூற்றுப் பதினொரு பறவைகள் நேரில் ஆஜர்

விளைநிலப் பறவைகள் மேம்பாட்டு வாரியத்தில் நான் பதினோரு வருடமாகத் தற்காலிக எண்ணுநர். வயலில் உட்காரும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். அதனாலேயே என்னை நிரந்தரம் செய்ய முடியவில்லை என்றார்கள். பணி விதிகளில் அப்படியொரு தகுதியே கிடையாதாம். பெயர் அழகேசன், ஜாகை கொரட்டூர். முன்கோபி என்று வீட்டில் சொல்வார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வாரியத்தின் ஆபீஸ் கொரட்டூர் ஏரிக்கு எதிரிலேயே இருக்கிறது. ஏரி தெரிந்தால் கண் கூசுகிறதென்று எல்லா ஜன்னலுக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். வாசலில் அரை ஏக்கருக்கு ‘மாதிரி வயல்’. பிளாஸ்டிக் புல் விரித்து, அதன்மேல் ஒன்பது ஃபைபர் கொக்குகள். வெள்ளிக்கிழமைதோறும் சோப்புப் போட்டுக் கழுவுவோம். நிஜக் காக்கை எதுவும் வந்து உட்கார்ந்து கொக்கை அசிங்கப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேன் உண்டு. அவர் நிரந்தரம்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை, அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் மிச்சமிருக்கிற வயல்களை வருடத்துக்கு இரண்டு முறை எண்ணுவோம். இரண்டு முறையும் பூஜ்யம் வந்தால் அது ‘பறவையற்ற நிலம்’. அதைப் பறவைகளின் நன்மைக்காக வாரியம் எடுத்துக்கொள்ளும். பறவைகளின் நன்மை என்றால் பெரும்பாலும் அது ஒரு கட்டடமாக இருக்கும்.

பூந்தமல்லிக்கு மேற்கே ஏரிப் பாசனத்தில் சுலோசனாவுக்கு ஒன்றரை ஏக்கர். நாற்பத்தைந்து வயது, தனி ஆளாக விவசாயம் பார்க்கிறவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வயலுக்கு மருந்து அடிக்க மாட்டாள். கொள்கை, கத்தரிக்காய் எதுவும் இல்லை. “கொக்கும் குருவியும் புழுவைத் துன்னுகினு போவுது. நான் இன்னாத்துக்கு வெசத்த வாங்கி ஊத்தணும்?” என்பாள். அறுத்த தாளைக் கொளுத்த மாட்டாள், வரப்புப் புல்லை வழிக்க மாட்டாள், கிணற்றோரத்து இரண்டு பனையை வெட்டக் கேட்டு வந்தவனைத் துரத்தியிருக்கிறாள். காலை ஆறரைக்குப் போய் நின்றால் சேற்றில் மடையான், எருமை முதுகில் உண்ணிக்கொக்கு, கம்பியில் இரட்டைவால் குருவி, பனையோலையில் தூக்கணாங்குருவிக் கூடுகள். என் சொந்தத் திருப்திக்காக ஒருநாள் எண்ணினேன். இருநூற்று நாற்பதுக்கு மேல் போனது.

ஆனால் வாரியம் காலை ஆறரைக்கு எண்ணாது. இயக்குநர் உத்தமன் சார் பத்தரைக்கு வருவார். டிபன், காபி, கோப்பு, மறுபடி காபி. நண்பகல் பன்னிரண்டுக்கு இரண்டு வேனில் போய் இறங்குவோம். முதலில் ‘எண்ணிக்கைத் தொடக்க விழா’. ரெக்கார்டில் நாதஸ்வரம். பிறகு ஒலிபெருக்கியில் வரவேற்புரை: “பறவைகள் தத்தம் இடங்களில் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன.” அதற்குமேல் ஒரு ட்ரோன், கொய்யென்று. அமைதி காத்த பறவைகள் அதற்குள் செம்பரம்பாக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படியும் ஓடாமல் சில மிஞ்சும். அவற்றுக்கும் விதி இருக்கிறது. எருமை முதுகில் இருக்கும் கொக்கு கால்நடைத் துறையைச் சேர்ந்தது. கம்பியில் இருக்கும் குருவி மின்சாரத் துறைக்கு. கிணற்றுமேல் தொங்கும் கூடு பொதுப்பணித் துறைக்கு. பறக்கிற பறவை யாருக்கும் சொந்தமில்லை. மண்ணில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கிற பறவை மட்டுமே வாரியத்துக்குக் கணக்கு.

“எழுது, அழகேசன். பூஜ்யம்,” என்பார் உத்தமன் சார். போன தையில் எழுதினேன், பூஜ்யம். இந்த ஆடியில் எழுதினேன், பூஜ்யம். இரண்டாவது முறை எழுதும்போது என் தலைக்கு மேலேயே ஒரு மீன்கொத்தி கத்திக்கொண்டு போனது. சுலோசனா அதைப் பார்த்தாள், என் நோட்டைப் பார்த்தாள்.

“இன்னா சார் எழுதிகீற? கண்ணு நல்லாத்தானே கீது உனக்கு?”

நான் நோட்டை மூடினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வருடா வருடம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் அது.

சரி, அந்தப் பக்கம் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். சுலோசனா வயலுக்குப் பாய்கிற அதே ஏரியின் மறுகரையில், தண்ணீரை விட்டு நன்றாகத் தள்ளி, விஷ்ணு என்பவர் அறுபது ஏக்கர் வைத்திருக்கிறார். சாஃப்ட்வேரில் சம்பாதித்துவிட்டு மண்ணுக்குத் திரும்பினவர். திரும்பினதும் முதல் வேலையாக மண் கண்ணில் படாமல் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டார். வரப்பையெல்லாம் இடித்து ஒரே மட்டம். மரம் ஒன்றுகூடக் கிடையாது. வருடம் முழுக்க வெள்ளரி, தக்காளி, வெண்டை. வாரத்துக்கு மூன்று தடவை மருந்து. மேலே நைலான் வலை. போதாததற்குப் பறவைகளை விரட்ட நாற்பது கம்பங்களில் ஸ்பீக்கர் கட்டி, கழுகு கத்துகிற சத்தம் போட்டுவிட்டார். இரண்டே வருடத்தில் விரட்டுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் டைமர் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் ஒரு தடவை அங்கே வலைக்கடியில் இரட்டைவால் குருவி ஒன்று கிடந்தது. அலகில் பாதிப் பூச்சி. மருந்து தின்ற பூச்சியைத் தின்றிருக்கிறது. கையில் எடுத்தேன், எடையே இல்லை. ஆபீசுக்குக் கொண்டுபோய் எந்தக் கலத்தில் எழுதுவது என்று கேட்டேன். செத்த பறவை பறவையில்லை, அது கழிவு, சுகாதாரப் பிரிவுக்குப் போ என்றார்கள்.

இந்த வருடம்தான் வாரியம் புதுச் செயலி ஒன்று வாங்கியிருந்தது. போனை வயலில் வைத்தால் சத்தத்தை வைத்தே பறவையை எண்ணிவிடும். விஷ்ணுவின் தோட்டத்தில் வைத்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது கழுகுகள் என்று காட்டியது. மண்ணில் காலூன்றின கழுகா என்று யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் விதி தேவையில்லை. ஒரே தோட்டத்தில் அத்தனை கழுகு இருந்தால் ஆடு மாடு மிஞ்சுமா, மனுஷன்தான் மிஞ்சுவானா என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ‘சிறந்த பறவை நேச விவசாயி’ விருது கொடுத்தார்கள்.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அரங்கில் விழா. உத்தமன் சார் பேசினதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“நண்பர்களே! நான் நேரில் போய்ப் பார்த்தேன். அந்த அறுபது ஏக்கரில் ஒரு புழு இல்லை, ஒரு பூச்சி இல்லை, ஒரு தவளை இல்லை, ஒரு புல் பூண்டு இல்லை. அத்தனை சுத்தம்! இப்படிச் சுத்தமான இடத்தில் வசிக்கக் கழுகுகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சிறு விவசாயிகளின் வயலைப் பாருங்கள். சேறு, சாணி, எங்கே பார்த்தாலும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் பறவைகள். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.”

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது.

புரட்டாசி பிறந்தது. சுலோசனா நாற்று விட்டு இருபத்தைந்து நாள். நடவுக்குச் சேறு அடிக்கலாம் என்று போனால் வயலில் வாரியத்தின் எல்லைக்கல். அங்கே ‘பறவை விழிப்புணர்வு மாளிகை’ வரப்போகிறது, வயலில் யாரும் இறங்கக் கூடாது என்று போர்டு. அவளுக்கு இருக்கிறது அந்த ஒன்றரை ஏக்கர்தான், வேறு நாதியில்லை. நாற்றும் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது, முற்றிப் போகும். அடித்துப் பிடித்து அம்பத்தூர் பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தாள்.

உத்தமன் சார் மனுவை வாங்கி, எங்கே கையெழுத்து இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்.

“அம்மா, உங்கள் நிலத்தில் பறவை இருக்கிறது என்கிறீர்கள். அதைப் பறவை சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. இதில் பாதிக்கப்பட்டது யார்? பறவை. குறைதீர் நாளில் பாதிக்கப்பட்டவர் நேரில் ஆஜராக வேண்டும், இது விதி ஏழு. வருகிற திங்கள் நண்பகல் கடைசி வாய்ப்பு. வரவில்லை என்றால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம்.”

“கொக்கு வந்து இங்க நிக்கணுமா சார்?”

“நின்றால் போதும். பேச வேண்டியதில்லை. வாரியம் மனிதாபிமானத்தோடுதான் நடந்துகொள்ளும்.”

“நீ வயலாண்ட வந்து ஒருநா வெடிகாலைல பாரு சார். எம்மாந் நிக்குதுன்னு.”

“விடியற்காலை அலுவலக நேரம் இல்லையம்மா.”

அவள் படியிறங்கி வந்து அந்த ஃபைபர் கொக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

“இன்னா அண்ணாத்தே, பொம்மைக் கொக்குக்கு அரை ஏக்கரு, நெசக் கொக்குக்கு நோட்டீசா? வாயில நல்லா வருது எனக்கு!” என்றாள். திட்டவும் செய்தாள். என்னையும் சேர்த்துத்தான். எனக்கு அது தேவைதான்.

அன்று சாயங்காலமே பூந்தமல்லி டெர்மினஸ் பக்கத்தில் டீக்கடையில் யூசுப்பைப் பார்த்தோம். சேறு அடிக்கிற டிராக்டர் வைத்திருப்பவர், சுலோசனா வயலை வழக்கமாக உழுகிறவர். நான் யோசனையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆபீஸ் வாசல்ல சேறு அடிக்கிறதா? உள்ள தள்ளிடுவாங்க அண்ணாத்தே!”

“டிராக்டர் பின்னாடி கொக்கு வருமா வராதா, அதைச் சொல்லுங்க.”

“அது வரும். ஏரியாண்ட வேற கீது. தண்ணி கட்டி நாலு சுத்து சுத்துனா புழு மேல வந்துரும், அப்பால ஊர்ல கீற கொக்கெல்லாம் நம்ம பின்னாலதான்.”

“எங் குப்பைமேட்டு மண்ணு பத்து லோடு தரேன்,” என்றாள் சுலோசனா. “புழு நெளியும். ஆனா அந்த ஆளு உட்டுருவானா?”

அதற்கு வழி என்னிடம் இருந்தது. பதினோரு வருடத்தில் நான் கற்ற ஒரே வித்தை அது. எங்கள் வாரியத்தில் எந்தத் தாளிலும் முதல் வரி ‘செயலாளர் வருகையை முன்னிட்டு’ என்று இருந்தால் உத்தமன் சார் இரண்டாவது வரியைப் படிக்க மாட்டார். அந்தத் திங்கட்கிழமை கோட்டையிலிருந்து துறைச் செயலாளர் பார்வையிட வருவதாக இருந்தது. ‘செயலாளர் வருகையை முன்னிட்டு, மாதிரி வயலின் பிளாஸ்டிக் புல்லைச் சுருட்டி, உழுது, நீர் பாய்ச்சி, இயற்கைத் தோற்றம் ஏற்படுத்தலாம். உழுபவர்: சுலோசனா.’ வெள்ளிக்கிழமை நீட்டினேன். போன் பேசிக்கொண்டே போட்டார் கையெழுத்து.

இன்னொரு விதியும் எனக்குத் தெரியும். அதை அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே மண்ணைக் கொட்டி, வாரியத்து போர்வெல்லில் தண்ணீர் கட்டி, யூசுப் டிராக்டரை இறக்கினார். முதல் சுற்றில் நாலு மைனா. இரண்டாவதில் பத்துப் பதினைந்து உண்ணிக்கொக்கு, சக்கரத்தை ஒட்டியே. பத்தரை மணிக்கெல்லாம் ஏரிப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்துவிட்டது. மடையான், நாரை, அரிவாள்மூக்கன், வாலாட்டி, மேலே பருந்து. வாட்ச்மேன் விரட்டப் போய்ச் சேற்றில் முட்டி வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டார். டிராக்டர் சத்தத்துக்குக் கொக்கு பயப்படாது என்பது எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாத செய்தி. மைக்குக்குத்தான் பயப்படும். நல்லவேளை, மைக் ஒயரை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். யாரென்று நான் சொல்ல மாட்டேன்.

சரியாகப் பன்னிரண்டுக்குச் செயலாளர் வந்து இறங்கினார். சிரிப்பே வராத முகம், சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர் என்று பெயர். காரைவிட்டு இறங்கியவர் அப்படியே நின்றார்.

“மிஸ்டர் உத்தமன், இதெல்லாம் யாருடைய பறவைகள்?”

காலையிலேயே செயலாளரை அழைத்துவரப் போயிருந்த உத்தமன் சாருக்கும் அப்போதுதான் தெரியும். ஒரு விநாடி விழித்தார். அடுத்த விநாடி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “நம் வாரியத்தின் பறவைகள் சார்! என் நேரடி முயற்சி. தினமும் வரும்.”

“முறைப்படி எண்ணியிருக்கிறீர்களா?”

“எண்ணாமலா சார்? அழகேசன்!”

நான் மண்ணில் இரண்டு காலும் ஊன்றியவற்றை மட்டும் எண்ணினேன். பருந்துகளை விட்டுவிட்டேன். அறுநூற்றுப் பதினொன்று. எழுதினேன்: ‘செயலாளர் வருகையை முன்னிட்டு, மனுதாரர் சுலோசனாவின் நிலத்தைச் சேர்ந்த பறவைகள் 611 நேரில் ஆஜர். எண்ணிய இடம்: வாரிய வளாகம். மனு ஏற்கப்பட்டது.’ உத்தமன் சார் செயலாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். செயலாளரும் சாட்சியாகப் போட்டார்.

கொரட்டூர் ஏரிக் கொக்கு எப்படி அவள் நிலத்துக் கொக்காகும் என்று கேட்பீர்கள். பத்து லோடு மண் அவளுடையது, புழு அவளுடையது. இதற்குமேல் பொய் என்றால் பொய்தான். பதினோரு வருடம் வாரியத்துக்காக எழுதின பொய்க்கு எதிரே இது ஒரு வரி.

பிறகு செயலாளரிடம் பணிவாகச் சொன்னேன், “சார், ஐந்நூறுக்கு மேல் வந்துவிட்டது. விதி பத்தொன்பது.”

அந்த விதியை எழுதினவரே உத்தமன் சார்தான். ஒரு ஏரிக்கரையில் முத்தம்மாள் என்ற பெண்ணின் எருமைக் கொட்டகையை அப்புறப்படுத்த அவசரமாக எழுதினார். அந்தம்மா வாசலில் வந்து அழுதபோது “விதிக்குக் கண் இல்லையம்மா” என்றார். ஒரே நண்பகல் எண்ணிக்கையில் ஐந்நூறைத் தாண்டினால் அந்த வளாகம் அன்று மாலை ஆறு மணியிலிருந்து முதல்தரப் பறவை நிலம். உழுபவரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. வண்டி, ஜெனரேட்டர், ஏசி, மருந்து எதுவும் கூடாது. உள்ளிருக்கும் பொருள் எதையும் வெளியே எடுக்கக் கூடாது.

“சார், அது... அது விவசாயிகளுக்கான விதி,” என்றார் உத்தமன் சார்.

“வளாகம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? வாரியமே முன்மாதிரியாக இருக்கட்டும். மிகவும் பெருமையாக இருக்கிறது,” என்றார் செயலாளர், முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல். “ஐந்நூறைத் தாண்டிய நிலம் வேறு ஏதாவது உண்டா?”

“ஒன்று இருக்கிறது சார்,” என்றேன். “ஆயிரத்து நூற்று நாற்பது கழுகு. விருதுகூடக் கொடுத்திருக்கிறோம்.”

மாலை ஆறு மணிக்கு வாரியத்தைப் பூட்டினார்கள். அறுபத்து மூன்று ஊழியர்கள் டிபன் பாக்ஸோடு ரோட்டில் நின்றார்கள். சாவி உழுபவரிடம், அதாவது சுலோசனாவிடம். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாள் தன் வயலுக்குப் போய் வாரியத்தின் கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடவு நட்டாள். நானும் பார்க்கப் போயிருந்தேன். நாற்று கையில் பச்சென்று இருந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள், பிறகு என்னைப் பார்த்து, “இன்னா பாக்குற, புடி ஒரு கட்டு,” என்றாள்.

விஷ்ணு அடுத்த நாளே வக்கீலோடு ஓடிவந்தார். தோட்டம் பறவை நிலமானால் வலையைக் கழற்ற வேண்டும், மருந்தை நிறுத்த வேண்டும், உழுகிற ஆள் அவர் இல்லை என்பதால் அவரே உள்ளே போக முடியாது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்: ‘எனது அறுபது ஏக்கரில் கழுகு கிடையாது. அது ஸ்பீக்கர் சத்தம். காக்கை, குருவி உட்பட எந்தப் பறவையும் கடந்த இரண்டு வருடமாக அங்கே வருவதில்லை என உறுதியளிக்கிறேன்.’ நான் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு வருடமாகப் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் வக்கீல் விதியைப் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் நிலம் வாரியத்துக்கு வந்துவிட்டது. விளைச்சலை அறுக்க மட்டும் மூன்று மாதம் அவகாசம். அதுவரை சாகுபடி நடைமுறை எதிலும் மாற்றம் கூடாது என்று ஆணை.

இப்போது வாரியத்துக்கு உட்கார இடம் வேண்டும். அதே விதி பத்தொன்பதுப்படி, வெளியேற்றப்பட்டவர் பறவை உள்ள இடத்துக்கு ஐந்நூறு மீட்டருக்குள் மறுபடி உட்காரக் கூடாது. தேடோ தேடு என்று தேடினார்கள். ஏரிப் பக்கம் முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் புறா. ஸ்டேஷனில் மைனா. பறவையே இல்லாத ஒரே இடம் விஷ்ணுவின் தோட்டம்தான். உத்தமன் சார் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்: ‘இந்த அறுபது ஏக்கரில் எந்த உயிரும் இல்லை.’ வலைக்கடியில், வெள்ளரிக்கும் தக்காளிக்கும் நடுவே, பிளாஸ்டிக் ஷீட்மேல் மேஜை நாற்காலி போட்டுப் பறவைகள் மேம்பாட்டு வாரியம் பணியைத் தொடங்கியது. வாரத்துக்கு மூன்று நாள் மருந்து அடிப்பார்கள், வாரியத்தின் தலைமேலேயே.

ஏழாவது நாள் உத்தமன் சார் சுலோசனாவின் வயலுக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, பேச்சுக்கு நடுவே இருமல்.

“அம்மா, மருந்தை நிறுத்தச் சொல்லி ஆணை போட வேண்டும். என் சீல் பழைய ஆபீஸ் மேஜையில் மாட்டிக்கொண்டது. சீல் இல்லாத ஆணையை மருந்தடிக்கிற தோட்டத்து ஆட்கள் மதிப்பதில்லை. நீங்கள்தான் உள்ளே போகலாம். கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். மூச்சு விட முடியவில்லை. அறுபத்து மூன்று பேர் அங்கே இருக்கிறோம்.”

சுலோசனா களையைப் பிடுங்கிக்கொண்டே நிமிர்ந்தாள். நான் வரப்பில் நின்றிருந்தேன். எனக்குப் பாவமாக இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை.

“அங்க எந்த உசுரும் இல்லன்னு நீதானே சார் கையெழுத்துப் போட்ட? அப்பறம் யாருக்கு மூச்சு முட்டுது?” என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.